தடத்தில் கிடந்த பச்சைக் கொப்பு

அதை எடுக்காதீங்க! விடுங்க, கிடக்கட்டும். கால்ல தட்டினா தாண்டிப் போங்க. லாரிக்காரன் ஆக்சில் ஒடிஞ்சு ரோட்டை அடைச்சுக்கிட்டு நிக்கிறான். வளைவுல வர்ற வண்டிக்குத் தெரியட்டும்னு பச்சைக் கொப்பு ஒடிச்சுப் போட்டிருக்கான். போட்டவன் வந்து எடுக்கோணும். அடுத்தவன் அதுல கை வைக்கப்படாது.

கோவிச்சுக்காதீங்க, சத்தம் போட்டுட்டேன். இன்னைக்கு மனசு ஒரு நிலையில இல்லீங்க. இப்படி இந்தக் கட்டைச் சுவர்ல உக்காருங்க. வண்டி நகர எப்படியும் ஒரு மணி நேரம் ஆகும்னு கண்டக்டர் சொல்றான். கண்டக்டர் சொல்றதுல பாதியை நம்பலாம். ஏனுங்க, நீங்க என்ன சோலியா மேலே போயிருந்தீங்க? வாத்தியாருங்களா? அங்கேயே ஸ்கூலுங்களா? சரி சரி. இல்லீங்க, ஒரு ஆளுக்கு ரெண்டு பை எதுக்குன்னு பஸ்ஸுல ஏறினப்பவே பாத்தேன். தப்பா எடுத்துக்காதீங்க, பழக்க தோஷம். முப்பத்தோரு வருஷம் கவர்மெண்டு பஸ்ஸுல இருந்தவன். அதுல கடைசிப் பதினாலு வருஷம் செக்கிங் இன்ஸ்பெக்டர். பேரு நாச்சிமுத்து, ஊரு உடுமலைக்குப் பக்கம். பஸ்ஸுல ஏறி ஒரு பார்வை பாத்தேன்னா டிக்கெட் எடுக்காதவன் எவன்னு சொல்லிப்போடுவேன். எடுக்காதவன் ஜன்னலுக்கு வெளியே பாப்பான்னு எல்லாரும் நினைக்கிறாங்க. கிடையாதுங்க. அவன் நம்மளைப் பாத்துச் சிரிப்பான்.

இன்னைக்குக் காலையில, மேலே தேசியப் பூங்கா கேட்டுல, அந்தப் பையன் என்னைப் பாத்துச் சிரிச்சானுங்க. அப்பவே எனக்குச் சுருக்குன்னுது.

யாருன்னு சொல்லாமயே பேசிட்டுப் போறேன் பாருங்க. லோகநாதன்னு பேரு. அந்தப் பூங்காவுல வனக் காப்பாளர், காக்கி உடுப்பு. முப்பது வயசு இருக்கும். எம்பொண்ணு பிருந்தா அவனைத்தான் கட்டிக்கறேன்னு நிக்கிறா. ஒரே பொண்ணுங்க. உடுமலையில ஒரு ஆஸ்பத்திரியில குழந்தைக வார்டுல நர்ஸ். அவ அம்மா போய் ஆறு வருஷமாச்சு, வீட்டுல நானும் அவளும்தான். எங்கே பழக்கம்னு கேட்டேன். ஆஸ்பத்திரியிலன்னா. அவனுக்கு என்ன சீக்குன்னு கேட்டேன். அவருக்கு ஒண்ணுமில்லப்பா, காய்ச்சல் கண்ட ஒரு குழந்தையைத் தூக்கிட்டு வந்தாருன்னா. யாரு குழந்தைன்னேன். தெரிஞ்சவங்க குழந்தைன்னா. கல்யாணம் ஆகாத ஆளு, அடுத்தவன் குழந்தையைத் தூக்கிட்டு இத்தனை கொண்டை ஊசி வளைவு இறங்கி வருவானாங்க? நீங்களே சொல்லுங்க.

வர்ற ஞாயித்துக்கிழமை அவங்க வீட்டுல இருந்து உறுதி பண்ண வர்றாங்க. நான் இன்னும் சரின்னும் சொல்லலை, இல்லைன்னும் சொல்லலை. நேத்து ராத்திரி பிருந்தா சொன்னா: "அப்பா, நீங்க வேண்டாம்னா வேண்டாம். உங்களைத் தாண்டிப் போகமாட்டேன். ஆனா அதுக்கப்புறம் வேற யாரையும் பாக்காதீங்க. நாளைக்குப் பொழுது சாயறதுக்குள்ள ஒரு பதில் சொல்லிருங்கப்பா." அழுகலைங்க. சோத்தைப் போட்டுக்கிட்டே சொன்னா. அழுதிருந்தாக்கூடத் தேவலை.

சரி, ஆளை நேர்ல போய் செக் பண்ணிப்போடலாம்னு விடியக்காலமே கிளம்பிட்டேன். பிருந்தா கிட்டப் பழனிக்குப் போறேன்னேன். கேட்டுல ஒரு ரெஜிஸ்டர் வெச்சிருக்காங்க, உள்ளே போறவங்க பேரு எழுதோணும். குமரேசன், தாராபுரம்னு எழுதினேன். அதைப் பொய்யின்னு சொல்லப்படாதுங்க. செக்கிங்குக்குப் போறவன் தகவல் சொல்லிட்டா போவான்?

அவன்தான் வேனுக்கு வழிகாட்டி. பதினெட்டுப் பேரு ஏறினோம். ஒவ்வொருத்தர் பையையும் திறந்து பிளாஸ்டிக் கவரை எல்லாம் வாங்கி வெச்சுக்கிட்டான். என்கிட்ட வந்தான், சிரிச்சான். "ஐயா, நீங்க முன்னாடி உக்காருங்க, அங்கே தூக்கிப் போடாது"ன்னான். பதினெட்டுப் பேர்ல எனக்கு மட்டும் எதுக்குங்க முன் சீட்டு? என்னை விட வயசானவங்க ரெண்டு பேரு இருந்தாங்களே? மனசுல குறிச்சு வெச்சுக்கிட்டேன்.

வேன் கிளம்பற நேரம் ஒரு பொம்பளை ஓடி வந்து ஏறினா. கையில அடுக்கு டிபன் கேரியர். கூட ஒரு பொண்ணுக்குட்டி, ஆறு ஏழு வயசிருக்கும். அது ஏறினதும் நேராப் போய் லோகநாதன் காலைக் கட்டிக்கிச்சு. அவன் தலையைத் தடவிக் குடுத்தான். அந்தப் பொம்பளை அவன்கிட்ட மெதுவா என்னமோ சொன்னா, அவன் தலையாட்டினான். அத்தனை பேரு நடுவுல மெதுவாப் பேச என்ன இருக்குது? மல்லிகான்னு பேரு, அது பொறவு தெரிஞ்சுது. உள்ளே காட்டுக்காவல் முகாம்ல அவ புருசன் வேலையா இருக்கான், அவனுக்குத் தினமும் சோறு கொண்டு போறாளாம். டிரைவர் சொன்னான். சொன்னா நம்பிடோணுமா?

வேன் மேலே ஏற ஏற ஒரே மஞ்சு. திடீர்னு நிறுத்தி, "அதோ, பாறை மேல வரையாடு, ஏழு நிக்குது"ன்னான். மத்த எல்லாரும் "ஆமா, ஆமா"ன்னாங்க. எனக்குப் பாறைதான் தெரிஞ்சுது. பைனாகுலரை நீட்டினான், எனக்கு வேண்டாம்னுட்டேன். அவன் குடுக்கற கண்ணாடியில அவன் காட்டறதுதானே தெரியும்?

அப்புறம் பாருங்க, இந்த ஜெர்கின். ஆமாங்க, நான் போட்டிருக்கிறேனே, இது அவனோடது. "ஐயா, வெள்ளைச் சட்டை காட்டுல தூரத்துக்கே தெரியும். இதை மேலே போட்டுக்கங்க, குளிருக்கும் ஆச்சு"ன்னு தான் போட்டிருந்ததைக் கழட்டிக் குடுத்தான். அவனுக்குக் குளிராதா? கை ரோமமெல்லாம் குத்திட்டு நின்னுது, பாத்தேன். நல்லவன்னு பேரு வாங்க ஒருத்தன் எவ்வளவு பாடுபடறான்! சரி, குடுத்தது குடுத்தான், பாக்கெட்டைத் தடவிப் பாத்தேன். தப்பில்லைங்க. சந்தேகம்னு வந்துட்டா பாக்கெட்டைப் பாக்கோணும்.

உள் பாக்கெட்டுல ஒரு சின்ன பிளாஸ்டிக் கவர். எல்லார்கிட்டயும் பிளாஸ்டிக்கைப் பிடுங்கினவன் நெஞ்சுல பிளாஸ்டிக்! அதுக்குள்ள ஒரு பஸ் டிக்கெட். என் கையிலங்க, என் கையில ஒரு டிக்கெட் சிக்கினா விடுவேனா? உடுமலைக்கு எடுத்தது. பெரியவர் ஒண்ணு, சிறுவர் ஒண்ணு. தேதி போன வருஷம் ஆகஸ்டு பதினெட்டு. இந்த மிஷின் டிக்கெட்டெல்லாம் ரெண்டு மாசத்துல எழுத்து அழிஞ்சு வெறும் காகிதமாயிரும். வெயிலும் வேர்வையும் படாமப் பொத்தி வெச்சாத்தான் இப்படி இருக்கும். பழைய டிக்கெட்டைப் பத்திரம் பண்றவன் எவனுங்க? திரும்ப அதையே காட்டி ஏமாத்தறவன்தான். என் சர்வீஸ்ல அப்படி நாப்பது பேரைப் பிடிச்சிருக்கேன். அது போக, சிறுவர் ஒண்ணு! அந்தப் பொண்ணுக்குட்டி, அந்தப் பொம்பளை, இந்த டிக்கெட்டு. எனக்கு எல்லாம் விளங்கிப் போச்சு. காட்டுக்குள்ள ஒரு குடும்பம் வெச்சுக்கிட்டு, எம்பொண்ணைக் கேக்க வர்றான். பிருந்தா முகம்தான் கண்ணு முன்னால.

மத்தியானம் ஒரு கோபுரத்துக்கிட்ட வேனை நிறுத்தினாங்க. மேலே ஏறிப் பள்ளத்தாக்கைப் பாக்கலாம். கோபுரத்துக்குப் பின்னால ரெண்டு தடம் பிரியுது. கீழ்த்தடம் ஓடைக்கு இறங்குது, மேல்தடம் கரட்டைச் சுத்திப் போகுது. லோகநாதன் எல்லாரையும் கோபுரத்துல ஏத்திட்டு, தனியாக் கீழ்த்தடத்துல இறங்கினான். மல்லிகா வேன் பக்கத்துல குழந்தைக்கு வாய் கழுவி விட்டுக்கிட்டிருந்தா. நான் கோபுரத்துல ஏறலை. முட்டி வலின்னு சொல்லிட்டு ஒரு மரத்து மறைவுல நின்னுக்கிட்டேன்.

பத்து நிமிஷத்துல திரும்பி வந்தான். சுத்தும் முத்தும் பாத்தான். ஒரு பச்சைக் கொப்பை முறிச்சு, கீழ்த்தடத்து வாயில குறுக்கால போட்டான். போட்டுட்டு ரெண்டு எட்டு வைக்கறதுக்குள்ள, கோபுரத்து மேல எவனோ கம்பிக்கு வெளியே தொங்கி போட்டோ எடுக்கறான்னு சத்தம். அங்கே ஓடிட்டான்.

நான் போய் அந்தக் கொப்பை எடுத்தேன்.

என்னங்க அப்படிப் பாக்கறீங்க? ரோட்டுல கிடக்கிற கொப்பை எடுக்கறது எனக்குக் கைப்பழக்கம். வண்டி கெட்டுப் போனா டிரைவருக கொப்பையும் கல்லையும் போடுவாங்க, வண்டி சரியானதும் அப்படியே விட்டுட்டுப் போயிருவாங்க. பின்னால வர்றவன் ராத்திரியில அதுல ஏறிக் கவுந்துருவான். கொப்பு எடுக்காத டிரைவருக்கு எத்தனை மெமோ குடுத்திருப்பேன்! நானே இறங்கி எத்தனை கொப்பை எடுத்துப் போட்டிருப்பேன்! அது ஒண்ணு. இன்னொண்ணு, எங்களை அந்தப் பக்கம் விடாம இருக்கத்தான் அவன் போட்டான். அது எனக்குத் தெரிஞ்சுது. அந்தப் பக்கம் எதை ஒளிச்சு வெச்சிருக்கான்னு பாக்கோணும்ல?

கொப்பைக் கையில எடுத்துட்டு நிமிர்றேன், மல்லிகா கேரியரைத் தூக்கிக்கிட்டு, குழந்தையைக் கையில பிடிச்சுக்கிட்டு வர்றா. நான் கொப்பை முதுகுக்குப் பின்னால வெச்சுக்கிட்டேன். அவ தடத்தைப் பாத்தா. என்னைப் பாத்து, "சாப்பிட்டீங்களாய்யா?"ன்னா. ம்னேன். கீழ்த்தடத்துல இறங்கினா. அவ எங்கே போறான்னு பாத்துட்டாக் கையும் களவுமாப் பிடிச்ச மாதிரி ஆச்சுன்னு நான் நின்னேன். ஆமாங்க, நான் பாத்துக்கிட்டுத்தான் நின்னேன்.

நூறு எண்றதுக்குள்ள கேட்டுச்சு, அந்தச் சத்தம். யானை பிளிறுறதை டிவியில கேட்டிருக்கேன். அதெல்லாம் ஒண்ணுமே இல்லீங்க. நெஞ்சுக்குள்ள இருந்து சத்தம் வர்ற மாதிரி இருக்குது. அப்புறம் அந்தக் குழந்தை கத்துச்சு.

லோகநாதன் கோபுரத்து ஏணியில பாதியில இருந்தே குதிச்சான். என் பக்கமாத்தான் ஓடினான். ஓடறப்ப என் கையைப் பாத்தான். கொப்பு கையில இருக்குது. என் முகத்தைப் பாத்தான். கண்ணு மூடித் திறக்கிற நேரந்தான். தடத்துல இறங்கிட்டான்.

நான் ரெண்டு எட்டு வெச்சுப் பாத்தேன். மூங்கிலுக்கு அந்தப் பக்கம் கருப்பாச் சுவர் மாதிரி நிக்குது, காலுக்கு அடியில கன்னு. மல்லிகா கீழே விழுந்து கிடக்கா. இவன் நேரா நடுவுல போய் நின்னுட்டான். கைய விரிச்சுக்கிட்டு, "போ, போ, போயிரு சாமி"ன்னு கத்தறான். அது ரெண்டு தரம் முன்னால வந்துச்சு. கேரியரை எடுத்து அக்கட்டால தூர வீசினான், அது அந்தச் சத்தத்துக்குத் திரும்பி கேரியரை மிதிச்சுது. அந்த நேரத்துல குழந்தையை இடுப்புல போட்டு, அவளை இழுத்துக்கிட்டு ஏறி வந்துட்டான். குழந்தைக்கு ஒண்ணும் இல்லை. மல்லிகாவுக்குக் கணுக்கால் பிசகி வீங்கிருச்சு. அவனுக்கு முள்ளு கிழிச்சு முழங்கை வரைக்கும் ரத்தம்.

நான் கொப்பை எப்பப் போட்டேன்னு எனக்கே தெரியலைங்க.

வேன்ல திரும்பி வர்றப்ப டிரைவர் பக்கத்துல உக்காந்து, யானை அங்கே இருக்கறது இவங்களுக்கு முன்னாடியே தெரியாதாப்பான்னு கேட்டேன். டிரைவர் சொன்னான்: "தெரியாம என்னங்க? தினமும் லோகு போய்ப் பாத்துட்டு வருவாப்ல. கன்னோட யானை ஓடையில நின்னா கீழ்த்தடத்துல பச்சைக் கொப்பு போட்டிருவாப்ல. கொப்பு கிடந்தா மேல்தடம், இல்லாட்டி கீழ்த்தடம். இங்கே போன் எடுக்காது, கொப்புதான் பேச்சு. மூணு வருஷமா ஒரு நாள் தப்பினதில்லை." பின்னால மல்லிகா அழுதுக்கிட்டே யாருகிட்டயோ சொல்லிட்டு வர்றா: "போன வருஷம் இவளுக்குக் காய்ச்சல்ல ஜன்னி கண்டப்போ இவ அப்பா முகாம்ல மாட்டிக்கிட்டாரு, எனக்கும் எந்திரிக்க முடியாத காய்ச்சல். அண்ணந்தான் தூக்கிட்டு உடுமலை ஓடினாரு. அண்ணன் மறக்கமாட்டாரே, எப்படி மறந்தாரு?" அண்ணன்னு சொல்றா, கேட்டீங்களா? நான் ஜன்னலுக்கு வெளியே பாத்துக்கிட்டு வந்தேன்.

கேட்டுல ரேஞ்சர் நின்னுக்கிட்டிருந்தாரு. நியாயமான மனுஷன், சத்தம் போடலை. "கொப்பு போட்டியா லோகநாதா?"ன்னு கேட்டாரு.

"மறந்துட்டேன் சார்."

"மறந்துட்டியா?"

"மறந்துட்டேன். என் தப்புதான் சார்."

பொய்யிங்க! அவன் முறிச்சதை, போட்டதை, இந்த ரெண்டு கண்ணால பாத்தவன் நான். ரேஞ்சர் எங்க பக்கம் திரும்பி, "உங்கள்ல யாராவது தடத்துல கொப்பு கிடந்ததைப் பாத்தீங்களா?"ன்னு கேட்டாரு. யாரும் பேசலை. நானும் பேசலை. நான் குமரேசன்தானே? குமரேசன் எதையும் பாக்கலை. ரேஞ்சர் ரெஜிஸ்டர்ல எழுதினாரு, கடமையில கவனக்குறைவுன்னு. இவன் வாசிச்சுக்கூடப் பாக்காமக் கையெழுத்துப் போட்டான். விசாரணை முடியற வரைக்கும் டூட்டி கிடையாது. வேலையே போனாலும் போகும், ஒரு குழந்தை உசிரு சம்பந்தப்பட்டது பாருங்க. மல்லிகா அவனை ஒரு பார்வை பாத்துட்டு, குழந்தையைத் தன் பக்கம் இழுத்துக்கிட்டா. அதுக்குத்தான் அவன் முகம் மாறுச்சு, மெமோவுக்கு மாறலை.

இப்பச் சொல்லுங்க வாத்தியாரே. கவர்மெண்டு ரெஜிஸ்டர்ல, தெரிஞ்சே பொய்க் கையெழுத்துப் போடறவனை நம்பி எப்படிப் பொண்ணைக் குடுக்கறது? எதுக்குப் பொய் சொன்னான்? யாரைக் காப்பாத்த? அதுல அவனுக்கு என்ன லாபம்? லாபம் இல்லாம ஒருத்தன் பொய் சொல்லுவானா? என் சர்வீஸ்ல அப்படி ஒருத்தனை நான் பாத்ததில்லைங்க.

பஸ்ஸுக்கு வந்து நின்னேன். கையில கட்டுப் போட்டுக்கிட்டு அவனும் வந்தான். கண்டக்டர் கிட்டப் பேசி ஜன்னலோர சீட்டு பிடிச்சுக் குடுத்தான். ஜெர்கினைக் கழட்டப் போனேன். "கீழே இறங்கற வரைக்கும் குளிரும், போட்டுக்கிட்டே போங்க மாமா. ஞாயித்துக்கிழமை வந்து வாங்கிக்கறேன். நீங்க வரவேண்டாம்னு சொன்னா, பிருந்தா கிட்டக் குடுத்தனுப்புங்க"ன்னான்.

மாமாங்கறானுங்க. காலையில இருந்து ஐயா, ஐயான்னவன். நான் என் பேரைச் சொன்னேனா? ஊரைச் சொன்னேனா? அப்ப அந்த முன் சீட்டு, அந்தச் சிரிப்பு, இந்த ஜெர்கின், எல்லாம் நான் யாருன்னு தெரிஞ்சேதான். பிருந்தா என் போட்டோவைக் காட்டியிருப்பா. கொப்போட என்னைப் பாத்தப்பவும் தெரியும். ரேஞ்சர் முன்னாடி நிக்கறப்பவும் தெரியும். சந்தேகப்பட வேண்டியதுதானே இது? சொல்லுங்க.

சும்மா ஒரு வார்த்தை, "மாமா, கொப்பை ஏன் எடுத்தீங்க?"ன்னு கேட்டிருக்கலாம். கேட்டிருந்தா நானும் சண்டை போட்டிருப்பேன், மனசு ஆறியிருக்கும். கேக்கலை பாருங்க.

பதினெட்டாம் தேதி, ஆகஸ்டு. அன்னைக்கு என்ன நாள்னு பிருந்தாவைக் கேட்டாச் சொல்லுவான்னு நினைக்கிறேன். கேக்கப் போறதில்லை. இந்தாங்க, டிக்கெட் கவர் இங்கேயேதான் இருக்குது. மடிப்புக் கலையாம வெச்சிருக்கேன்.

விசில் ஊதறான், கேட்டுதுங்களா? லாரி இப்போதைக்கு நகராதாம். கீழே இருந்து வந்த பஸ்ஸு அந்தப் பக்கம் நிக்குது. ஆளை மாத்தி ஏத்திட்டு, அது கீழே திரும்புது, நம்ம பஸ்ஸு மேலேயே திரும்புது. எல்லாரும் லாரியைத் தாண்டி நடக்கறாங்க. நீங்களும் போங்க, ரெண்டு பையையும் பத்திரமா எடுத்துக்கங்க. கொப்பைத் தாண்டிப் போங்க.

நான் வரலைங்க. நான் இந்த பஸ்ஸுலதான் ஏறறேன். மேலேதான் போறேன். அவனுக்காகன்னு நினைச்சுக்காதீங்க. ரெஜிஸ்டர்ல ஒரு பொய் கிடக்குது. ஒண்ணில்லை, ரெண்டு. குமரேசன்னு எழுதினதையும் அடிச்சுத் திருத்தோணும். கொப்பை எடுத்தது நாச்சிமுத்துன்னு எழுதிக் கையெழுத்துப் போடோணும். அந்தப் பொம்பளை முகத்தைப் பாத்துச் சொல்லோணும், அதுதான் கஷ்டம்.

விசாரணைன்னா எனக்குத் தெரியும், நான் பண்ணாத விசாரணையா? முதல்ல சாட்சியோட பேரைக் கேப்பாங்க. அடுத்த கேள்வி, குற்றம் சாட்டப்பட்டவருக்கும் உங்களுக்கும் என்ன உறவுன்னு கேப்பாங்க. மாமனார்னு சொல்லிக்கறேன்.